மின்சாரம் பாய்ந்த குலப்பாட்டு

1990-ல் ‘தானேதார்’ படத்தில் சஞ்சய் தத்தும் மாதுரி தீட்சித்தும் ‘தம்மா தம்மா லோகே’ என்று ஆடினார்கள். அடுத்த ஆண்டு ‘ஹம்’ படத்தில் அமிதாப் பச்சன் ‘ஜும்மா சும்மா தே தே’ என்று கேட்டார். முதல் பாட்டுக்கு இசை பப்பி லஹிரி, இரண்டாவதற்கு லக்ஷ்மிகாந்த்-பியாரேலால். இந்தி தெரியாதவர்களுக்கும் அந்த நாளில் இரண்டு மெட்டும் மனப்பாடம். அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது சட்டென்று பிடிபடும். பெற்ற பாட்டின் பெயர் ‘தாமா’. பாடியவர் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டைச் சேர்ந்த மோரி கான்டே. 1987-ல் வந்த அவருடைய ‘அக்வாபா பீச்’ ஆல்பத்தில் அது இருக்கிறது.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டு ‘யேக்கே யேக்கே’. 1988-ல் ஐரோப்பாவின் பல நாடுகளில் அது முதலிடத்தைப் பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தனிப்பாட்டு பத்து லட்சம் பிரதிகள் விற்றது அதுதான் முதல் முறை என்பார்கள். டிஸ்கோ மேளம், சிந்தசைசர், பித்தளை ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து முழங்கும் அந்தப் பாட்டுக்குள் நரம்பை மீட்டும் சத்தம் ஒன்று விடாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். அது கோரா என்ற வாத்தியம். அதை மீட்டியவரும் ஏதோ வாய்ப்புக் கிடைத்துப் பாட வந்தவரல்லர். பாடுவதையே பிறவிக் கடமையாகக் கொண்ட குடும்பத்தின் பிள்ளை. ஏழு வயதில் அவரைப் பக்கத்து நாடான மாலிக்கு, பாடகியான அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தொழில் படிக்க. ‘மின்சார கிரியோ’ என்று பிற்பாடு பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் கட்டின.

கிரியோ என்பது பிரெஞ்சுக்காரர்கள் பரப்பிய சொல். மாலியிலும் கினியிலும் ஜெலி என்பார்கள், காம்பியாவில் ஜாலி, செனகலின் வொலோஃப் மக்களிடம் கெவெல். பாடகர் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். குடும்பங்களின் வம்சாவளியை நினைவில் வைத்திருப்பவர் ஜெலி. பெண் பேசப் போகிறவர் அவர். இரண்டு வீட்டுக்குள் சண்டை வந்தால் நடுவில் நின்று பேசித் தீர்ப்பவரும் அவர். தலைவர் மெல்லச் சொல்வதை ஊருக்கு உரக்க எடுத்துச் சொல்வதும் அவர் வேலை. குயாத்தே, தியாபாத்தே, சிசோக்கோ என்று குடும்பப் பெயரைச் சொன்னாலே ஆள் இந்தக் குலம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் வேர் 13-ஆம் நூற்றாண்டு. சுந்தியாத்தா கெயிட்டா என்ற இளவரசன் சூமாவோரோ கான்டே என்ற அரசனை வென்று மாலிப் பேரரசை நிறுவினான். அவனுடைய ஜெலியின் பெயர் பல்லா ஃபாசேக்கே. சூமாவோரோவிடம் அவன் மட்டுமே தொடக்கூடிய ஒரு பாலஃபோன் இருந்ததாம். மரச்சட்டங்களின் அடியில் சுரைக்குடுக்கைகளைக் கட்டி, கோலால் தட்டி வாசிக்கும் கருவி அது. அரசன் இல்லாத நேரத்தில் பல்லா அதை எடுத்து வாசித்துவிட்டான். திரும்பி வந்த சூமாவோரோ அவன் தலையை வாங்கவில்லை. வாசிப்பில் மயங்கித் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டான். இது கதை. ஆனால் அந்தப் பாலஃபோன் இதுதான் என்று சொல்லி ஒரு கருவியை கினியின் நியாகசோலா கிராமத்தில் குயாத்தே குடும்பத்தார் இன்றும் காத்துவருகிறார்கள். யுனெஸ்கோ 2001-ல் அதைச் சுற்றியுள்ள மரபைத் தன் பட்டியலில் ஏற்றது.

மாலிய சமூக அடுக்கில் ஜெலிகளின் இடம் விசித்திரமானது. கொல்லர், தோல் வேலை செய்பவர் ஆகியோரோடு சேர்ந்து கைத்தொழில் குலங்களில் அவர்களும் ஒரு குலம். மேல்குடியினர் அவர்களுக்கு வாரி வழங்குவார்கள், அவர்கள் வாய்க்கு அஞ்சுவார்கள், ஆனால் பெண் கொடுக்க மாட்டார்கள். இது வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நவீன கிரியோ இசையின் பெரிய மோதல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்பின. எழுநூறு ஆண்டு மாறாத மரபு இப்போது கிட்டாரைச் சந்திக்கிறது என்று ஆல்பத்தின் அட்டையில் அச்சடிப்பது மேற்கத்திய இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குப் பிடிக்கும். விற்பனைக்கு நல்ல வாசகம்தான். வரலாற்றைப் பார்த்தால், புதிய சத்தங்களை ஜெலிகள் எப்போதுமே சிரமமில்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். யார் பாடலாம், யாருக்காகப் பாடலாம் என்பதில்தான் மல்லுக்கட்டு.

கோராவையே எடுத்துக்கொள்ளலாம். 1352-ல் மாலிப் பேரரசரின் அவைக்கு வந்த பயணி இபின் பதூதா, அங்கே அடியில் சுரைக்காய்கள் தொங்கும் வாத்தியத்தை வாசித்தவரைப் பற்றியும், பறவை இறகு உடை அணிந்து அரசன்முன் பாடிய புலவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கோராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1799-ல் அச்சான மங்கோ பார்க்கின் பயண நூலில்தான் அது தலைகாட்டுகிறது, பதினெட்டுத் தந்தியோடு. இன்றைய கோராவுக்கு இருபத்தொன்று. பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கையின் மேல் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழியைச் செருகி, தந்திகளை இரண்டு வரிசையாக நிறுத்துகிறார்கள். இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே வேலை செய்யும். கட்டைவிரல்கள் கீழ்ச் சுரங்களைப் பிடித்துத் தாளம்போல ஓடவிட, ஆள்காட்டி விரல்கள் மேலே மெட்டைப் பின்னும். முன்பு தந்திக்குத் தோல்வார். இப்போது தூண்டில் போடும் நைலான் இழை. சுருதி சேர்க்கக் கழியில் தோல் வளையங்களை ஏற்றி இறக்குவது பழைய வழி. மேடையில் கிட்டாரோடும் கீபோர்டோடும் சேர வேண்டியிருப்பதால், கிட்டாரில் இருப்பதுபோன்ற முறுக்காணிகளைப் பலர் பொருத்திக்கொண்டுவிட்டார்கள்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜெலிகளுக்குப் புதிய புரவலர் ஒருவர் கிடைத்தார்: அரசாங்கம். 1958-ல் சுதந்திரம் பெற்ற கினியில் அதிபர் செகூ தூரே மாவட்டம்தோறும் வாத்தியக் குழுக்களை அமைத்தார். சம்பளம், கிட்டார், சாக்ஸபோன் எல்லாம் அரசு செலவு. நிபந்தனை ஒன்றே: பிரெஞ்சுப் பாட்டும் கியூப நடனப் பாட்டும் போதும், நம் மண்ணின் கதையைப் பாடுங்கள். பெம்பேயா ஜாஸ் என்ற குழு 1969-ல் ‘கடந்த காலத்தின் மீது ஒரு பார்வை’ என்ற பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பில், பிரெஞ்சுப் படையை எதிர்த்த சமோரி தூரேயின் வரலாற்றை இசைத்தட்டின் இரு பக்கமும் நிறையப் பாடியது. ஜெலியின் கதை சொல்லும் முறை அப்படியே இருக்கிறது. நடுநடுவே வசனம், பிறகு கூட்டுக்குரல். ஆனால் பாலஃபோன் பேச வேண்டிய இடத்தில் செகூ தியாபாத்தேயின் மின்சார கிட்டார் பேசுகிறது. அவரும் ஜெலி குடும்பம்தான். பாலஃபோனின் கோல் விழும் வேகத்தைக் கிட்டார் தந்திக்குக் கொண்டுவந்த அந்த வாசிப்புக்காக அவரை ‘வைர விரல்’ என்று அழைத்தார்கள்.

மாலியில் இதே வேலையை ரயில்வே செய்தது. பமாக்கோ ரயில் நிலைய ஓட்டலில் வாசிப்பதற்காக 1970-ல் ரெயில் பேண்ட் உருவானது. அதில் பாட வந்தவர் சாலிஃப் கெயிட்டா.

இந்தப் பெயரில்தான் சிக்கல். கெயிட்டா என்பது பேரரசன் சுந்தியாத்தாவின் குலம். அந்த வம்சத்துப் பிள்ளை பிறர் பாடக் கேட்க வேண்டியவர். தானே மேடையேறிக் காசுக்குப் பாடுவது வீட்டுக்கு அவமானம். அவர் நிறமியின்றி வெள்ளைத் தோலோடு பிறந்தவர் வேறு. அப்படிப் பிறந்தவர்களை அபசகுனமாகப் பார்க்கும் ஊர் அது. ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தார், கண்பார்வை குறைவு என்று கதவு மூடியது. பாட்டுக்கு வந்தார். அரச குலத்துக்காரர் ஜெலியின் வேலையைச் செய்கிறாரே என்று வீடும் ஊரும் கொதித்தன. கிட்டாரை யாரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1973-ல் சாலிஃப் வேறு குழுவுக்குப் போனபின் ரெயில் பேண்டில் முன்னணிப் பாடகரானவர் மோரி கான்டே. பிறவி ஜெலியான அவர் குரலில் சுந்தியாத்தா நாடுகடத்தப்பட்ட கதையை அந்தக் குழு இருபது நிமிடங்களுக்கும் மேல் நீளும் பாட்டாகப் பதிவு செய்தது. ஆக, அரசனின் வாரிசு குழுவை விட்டுப் போக, அரசனின் கதையைச் சொல்ல உரிமையுள்ளவர் அந்த இடத்துக்கு வந்தார். நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

சாலிஃபின் பாதை அதோடு நேராகிவிடவில்லை. 1978-ல் அவர் பாடிய ‘மன்ஜூ’ அவர் பெயரை மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. கினி அதிபர் செகூ தூரே தனக்குக் கொடுத்த விருதுக்கு நன்றியாகப் பாடிய புகழ்ப்பாட்டு அது. கேட்பவரை உருக்கும் குரல். புகழப்படுபவரோ, கேம்ப் புவாரோ சிறையில் தன் எதிரிகளைப் பட்டினி போட்டுக் கொன்ற ஆள். புகழ்ந்து பாடுவதைத் தொழிலாகக் கொண்ட மரபில் இந்த நெருடல் எப்போதும் உண்டு. கொடுப்பவன் யோக்கியனா என்று ஜெலி கேட்பதில்லை என்று மாலியின் இளைஞர்களே குறைபட்டுக்கொள்கிறார்கள். குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகழ்ப்பாட்டு வெறும் முகஸ்துதியாகவே இருப்பதில்லை. உன் பாட்டன் இன்னது செய்தான், நீ என்ன செய்யப் போகிறாய் என்ற குத்தலும் அதன் உள்ளே இருக்கும். மன்ஜூவில் அந்தக் குத்தல் போதுமான அளவு இருந்ததா என்பது வேறு விஷயம். 1987-ல் பாரிஸில் சாலிஃப் வெளியிட்ட ‘சோரோ’ ஆல்பத்தில் கீபோர்டும் ஊதுகருவிகளும் பெண்களின் கூட்டுக்குரலும் சேர்ந்து அலைபோல எழுகின்றன. இன்றைக்கு அதன் கீபோர்டுச் சத்தம் கொஞ்சம் பழசாகத்தான் தெரிகிறது. குரல் பழசாகவில்லை.

வெளிநாட்டு ரசிகர்களுக்குக் கிரியோ என்றால் கோராவோடு உட்கார்ந்திருக்கும் ஆண்தான் நினைவுக்கு வருவார். பமாக்கோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனால் இந்த எண்ணம் மாறிவிடும். ஞாயிறுதான் அங்கே முகூர்த்த நாள். தெருவை மறித்துப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். நடுவில் கையில் மைக்கோடு நிற்பவர் பெண். ஆண்கள் பின்னால் வாசிப்பார்கள். மாலியில் பாட்டின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஜெலி பெண்களே. ஆம்ப்ளிஃபையர் அலற, அவர் ஒவ்வொரு விருந்தாளியின் முன்னும் போய் நின்று வம்சத்தைச் சொல்வார். கேட்பவர் எழுந்து நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கொடுக்காமல் இருக்க முடியாது, ஊரே பார்க்கிறது.

இந்த மேடையிலிருந்து பாரிஸ் ஸ்டுடியோவுக்குப் போனவர்களில் ஒருவர் தாத்தா பம்போ குயாத்தே. 1985-ல் வந்த அவருடைய ‘ஜாதிகி’ ஆல்பத்தில் பாட்டுகள் புரவலர்களுக்குக் காணிக்கை. காண்டியா குயாத்தேயின் கதை வேறு மாதிரி. கீத்தா நகரத்தில் பிறந்த அவருக்கு, ஜெலிகளிலேயே உச்சத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் ‘ங்காரா’ என்ற பட்டம் உண்டு. சொல்லின் கனத்தைத் தாங்கத் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2004-ல் பக்கவாதம் வந்து அவர் குரல் போனது. பல ஆண்டுகள் பாடவே இல்லை. 2015-ல் அவர் ‘ரெனசான்ஸ்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது குரல் ஆண்குரல் போலத் தடித்து, கீழே இறங்கியிருந்தது. பழைய பளபளப்பு இல்லை. அந்தக் குரலில் இருக்கும் அதிகாரத்துக்கு முன்னால் பளபளப்பு எதற்கு?

தூமானி தியாபாத்தே கோராவைக் கல்யாண வீட்டிலிருந்து கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர். 1965-ல் பமாக்கோவில் பிறந்தார். தந்தை சிடிக்கி தியாபாத்தே கோரா மேதை; 1970-ல் ஜெலிமூசா சிசோக்கோவோடும் வேறு சிலரோடும் சேர்ந்து ‘பழைய தந்திகள்’ என்ற பொருள்படும் கோரா ஆல்பத்தைப் பதிவு செய்தவர். மகன் 1988-ல் ‘காய்ரா’ என்ற ஆல்பத்தில் பாட்டே இல்லாமல், கூட யாரும் இல்லாமல், தனிக் கோராவை மட்டும் வாசித்தார். அதே காலத்தில் ‘கெட்டாமா’ என்ற ஸ்பானிய ஃபிளமெங்கோ குழுவோடும் சேர்ந்து வாசித்தார். 1999-ல் வந்த ‘புதிய பழைய தந்திகள்’ ஆல்பத்தில் அவரோடு அமர்ந்தவர் பலாக்கே சிசோக்கோ, அதாவது ஜெலிமூசாவின் மகன். தந்தையர் இருவர் வாசித்ததற்கு மகன்கள் இருவர் சொன்ன பதில் அது.

பிறகு மாலியின் வட பகுதியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் அலி ஃபார்க்கா தூரே. அவர் ஜெலி இல்லை. நைஜர் ஆற்றங்கரையில் பமாக்கோ ஓட்டல் ஒன்றில் மைக்கை வைத்துக்கொண்டு, ஒத்திகை என்று எதுவும் இல்லாமல் இருவரும் வாசித்த ‘இன் த ஹார்ட் ஆஃப் த மூன்’ 2005-ல் வெளியாகி கிராமி விருது பெற்றது. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 2008-ல் செய்த கச்சேரி ‘கோரோலென்’ என்ற ஆல்பமாக 2021-ல் வந்தது. அதில் வயலின்கள் மரியாதையோடு பின்வாங்கி நிற்கின்றன. சில இடங்களில் மரியாதை கொஞ்சம் கூடுதல். தூமானி 2024 ஜூலையில் காலமானார். அவர் மகன் சிடிக்கி, தாத்தாவின் பெயரைச் சுமப்பவர், கோராவும் வாசிப்பார், கம்ப்யூட்டரில் ராப் பாட்டுக்கு இசையும் அமைப்பார். ராப் பாடகர் இபா ஒன்னோடு சேர்ந்து பமாக்கோவின் இளைஞர் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். அவர் பாடும்போது குரலை இயந்திரம் வளைக்கிறது. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்தான். ஆனால் ஆட்டோடியூன் ஜெலியின் குரலோடு விநோதமாக ஒத்துப்போகிறது: உச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சரிந்து இறங்கும் அந்தப் பாணியின் அலங்காரங்களை அது இன்னும் கூர்மையாக்கிக் காட்டுகிறது.

கோராவைவிடப் பழைய வாத்தியம் ங்கோனி. ஒற்றைக் கட்டையைப் படகுபோலக் குடைந்து தோல் போர்த்தி, நாலைந்து தந்தி கட்டியது. அமெரிக்க பாஞ்சோவின் மூதாதைகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். செகூ நகரத்துக்கு அருகிலுள்ள கரானாவில் பிறந்த பஸ்ஸெக்கு குயாத்தே இதற்கு வார் மாட்டி, கிட்டார்காரர்கள்போல எழுந்து நின்றார். வெவ்வேறு அளவில் நான்கு ங்கோனிகளைச் செய்ய வைத்து, அடித்தந்திக் குரல் முதல் மேல்குரல் வரை ங்கோனியாலேயே ஒரு குழுவை அமைத்தார். பாடுபவர் மனைவி ஏமி சாக்கோ. 2007-ல் வந்த ‘செகு புளூ’ ஆல்பத்தில் மின்சார வாத்தியம் எதையும் தேட வேண்டியதில்லை. 2015-ன் ‘பா பவர்’ ஆல்பத்திலோ ங்கோனியை ராக் கிட்டாருக்குரிய பெடல்களில் மாட்டி உறுமவிட்டிருக்கிறார்.

இடையில் வந்தது ‘ஜமா கோ’. 2012 மார்ச்சில் பமாக்கோவில் ஒலிப்பதிவு தொடங்கிய நேரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில வாரங்களில் நாட்டின் வட பகுதி ஆயுதக் குழுக்களிடம் விழுந்தது. அங்கே இசையையே தடை செய்தார்கள். வாத்தியங்களை உடைத்தார்கள், பாடகர்கள் தப்பி ஓடினார்கள். அந்த ஆல்பத்தில் பஸ்ஸெக்கு முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் ஒரே பந்தலுக்கு அழைக்கிறார். சண்டைக்கு நடுவில் நின்று பேசுகிற பழைய வேலைதான். பெடல் மட்டும் புதுசு.

செனகலில் வேறு கணக்கு. யூசு என்டூரின் தாய் வழி கெவெல் குலம். தந்தை அந்தக் குலமல்ல, மகன் பாடுவதை விரும்பவும் இல்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தாமா உடுக்கையையும் சபார் பறைகளையும் முன்னால் நிறுத்தி, கிட்டாரைத் தாளத்துக்கு ஓடவிட்ட ம்பலாக்ஸ் பாணியை அவர் உலகறியச் செய்தார். 2012-ல் அமைச்சரும் ஆனார். இன்னொருவர் பாபா மால். அவர் மீனவர் குலம், ஜெலி குலம் இல்லை. பார்வையற்ற கிரியோ நண்பர் மன்சூர் செக்கோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றித்தான் பாட்டைக் கற்றார். 2018-ல் ‘பிளாக் பேந்தர்’ படத்தின் தொடக்கத்தில் வானத்தைக் கிழிப்பதுபோல எழும் குரல் அவருடையது. அதே படத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் கேட்கும் தாமாவை வாசித்தவர் மஸ்ஸாம்பா ஜோப். இசையமைப்பாளர் லுட்விக் கோரான்சனுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சோனா ஜோபார்த்தே பிறந்தது 1983-ல், லண்டனில். காம்பியாவின் புகழ்பெற்ற கோரா ஆசான் அமாது பன்சாங் ஜோபார்த்தேயின் பேத்தி, தூமானிக்கு உறவு. கோரா தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. பெண்கள் பாடலாம், கோரா வாசிக்கக் கூடாது. சோனா அண்ணனிடமும் பிறகு தந்தையிடமும் அதைக் கற்று, ஜெலி குடும்பத்திலிருந்து தொழில்முறையாகக் கோரா வாசிக்க வந்த முதல் பெண் என்று பெயர் பெற்றார். 2011-ல் வந்த ‘ஃபாசியா’வைக் கேட்டால் புரட்சி எதுவும் காதில் விழாது. மென்மையான கிட்டார், அளவான தாளம், தேன்போன்ற மன்டிங்கா மொழிப் பாட்டு. இசை அவ்வளவு பழகியதாக இருப்பதால் அதை வாசிக்கும் கை யாருடையது என்ற கேள்வி மெல்ல நழுவிப்போகிறது. காம்பியாவில் அவர் ஒரு பள்ளியும் நடத்துகிறார். மற்ற பாடங்களோடு தங்கள் இசையையும் வரலாற்றையும் பிள்ளைகள் அங்கே கற்கிறார்கள்.

புதிதாகக் கேட்க வருபவர் கிராமி வாங்கியதிலிருந்து தொடங்காமல் ‘செகு புளூ’விலிருந்து தொடங்கலாம். அதில் ஏமி சாக்கோ பாட, ங்கோனிகள் ஒன்றையொன்று துரத்தும். அடுத்து தூமானியின் ‘காய்ரா’, இரவில். ‘சோரோ’வைக் கொஞ்சம் சத்தமாக வைக்க வேண்டும், கீபோர்டைப் பொறுத்துக்கொண்டு. பெம்பேயா ஜாஸின் சமோரி கதைக்கு அரை மணிக்கு மேல் ஒதுக்க வேண்டும். பிரெஞ்சு புரியாவிட்டாலும், வசனம் முடிந்து கிட்டார் உள்ளே வரும் இடத்துக்காகக் காத்திருக்கலாம். ‘தாமா’வை வீட்டில் போட்டால் பக்கத்து அறையிலிருந்து யாராவது ஜும்மா சும்மா என்று கூடப் பாடுவார்கள். அவர்களிடம் மோரி கான்டேயின் பெயரைச் சொல்லலாம். 2020-ல் கொனாக்ரியில் இறந்துபோனார்.